கிணற்றுக்குக் கிழக்கு

பிறர் வாயிலாக நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை. நில அளவைத் துறையில் வேலைக்குச் சேர்ந்து, அதிலேயே ஓய்வும் பெற்ற எனக்குத் திசை தெரியாது.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. காலையில் சூரியனைப் பார்த்துக் கிழக்கைப் பிடித்துக்கொள்வேன். அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றால் கடிகாரம் கட்டிய கை வடக்கு. இந்த ஒரு சூத்திரத்தில்தான் என் உத்தியோகம் ஓடியது. மேகம் மூடிய நாட்களில் அளவுச் சங்கிலி பிடிக்க வரும் முருகேசன்தான் என் சூரியன். போன மாதம் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போனேன். மாத்திரை கிடைத்துவிட்டது, வாசல் கிடைக்கவில்லை. சுற்றிச் சுற்றி மறுபடியும் அதே மருந்துக் கவுண்ட்டர் முன்னால் போய் நின்றபோது, உள்ளே இருந்த பெண், "ஐயா, உங்களுக்குக் குடுத்தாச்சு. எத்தினி வாட்டி வந்தாலும் ஒரு மாசத்துக்குத்தான்" என்றாள். வரிசையில் நின்ற ஒருவர், "பாவம், ஞாபக மறதி" என்றார். சர்வேயர் என்று சொல்லி மானத்தைப் போக்கிக்கொள்வதைவிட மறதி கௌரவமாகப் பட்டதால் தலையாட்டி வைத்தேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் திண்டிவனத்தில் வேலை பார்க்கும் இளைய அளவர்கள். அவர்களுக்குச் செயற்கைக்கோளோடு பேசும் கருவி வந்திருக்கிறது. ஒரு கம்பு; அதன் உச்சியில் கவிழ்த்த சட்டிபோல ஒன்று. வயலில் ஊன்றிவிட்டு நின்றால், நிற்கும் இடம் இன்னது என்று விரற்கடை சுத்தமாகச் சொல்லிவிடும். சங்கிலி இழுத்த காலத்து ஆள் ஒருவர் வேண்டும் என்று என்னைத் தேடிப் பிடித்து, "சார், உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க, குரூப்புல போடறோம்" என்றார்கள். எங்கள் துறையில் அனுபவம் என்றால் நிலத்தை யார் உழுதுகொண்டிருக்கிறார் என்று பொருள். அந்த வகையில் எனக்கு ஒரு சென்ட் அனுபவமும் கிடையாது. வேறு வகையில் கொஞ்சம் உண்டு.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சிறு விளக்கம். நம் ஊரில் ஒரு துண்டு நிலத்துக்கு மூன்று ஜாதகம். மூன்றையும் மூன்று ஜோசியர்கள் எழுதுகிறார்கள்; ஒருவர் எழுதியதை மற்றவர் எட்டிப் பார்ப்பது கௌரவக் குறைவு. பத்திரப் பதிவு அலுவலகம், யார் யாருக்கு விற்றார் என்று பதியும். விற்ற நிலம் எங்கே கிடக்கிறது என்று போய்ப் பார்க்காது. வருவாய்த் துறை பட்டா கொடுக்கும். யார் பெயரில் இருக்கிறது என்பதோடு அதன் கவலை தீர்ந்தது. எங்கள் அளவைத் துறை ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு புலப்படம் வைத்திருக்கும். எந்தப் பக்கம் எவ்வளவு நீளம், எந்த மூலையில் கல் என்று எல்லாம் அதில் இருக்கும். சொந்தக்காரர் யார் என்று எங்களைக் கேட்டால் முழிப்போம். மூன்றும் தெரிந்த ஒரே மனிதர் கிராம நிர்வாக அலுவலர். அவர் எப்போதும் மீட்டிங்கில் இருப்பார். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் சேர்ந்துவிட்டது என்கிறார்கள். உண்மைதான். மூன்று ஜாதகமும் ஒரே திரையில் தெரிகின்றன, தோஷங்களோடு.

ஒரு சர்வே எண்ணுக்குள் ஒரு பகுதியை மட்டும் ஒருவர் வாங்கினால், அந்தப் பகுதியை அளந்து, கல் நட்டு, புலப்படத்தில் கோடு போட்டு, தனி எண் தர வேண்டும். அதற்குப் பெயர் உட்பிரிவு. என் உத்தியோகம் பெரும்பாலும் அந்தக் கோடுகளில்தான் கழிந்தது.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பனமலையில் கொண்டுபோய் விட்டு, ஏரியையும் குன்றையும் அளந்து வரச் சொன்னார்கள். குன்றின் உச்சியில் இருக்கும் கோயில், என் படத்தில் ஏரியின் நடுவில் வந்திருந்தது. பயிற்சி அதிகாரி வெகுநேரம் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தெப்பத் திருவிழாவுக்கு அளந்தியா?" என்று கேட்டார். ஆனாலும் தேர்ச்சி போட்டுவிட்டார். ஆள் பற்றாக்குறை.

இனி மலர்விழி மேடம். விழுப்புரத்தில் எங்களுக்கு ஆய்வாளராக வந்தபோது எனக்கு முக்கால்வாசித் தலை நரைத்திருந்தது. அவர் தேர்வெழுதி நேராக மேலே வந்தவர், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். திட்டமாட்டார், குரலை உயர்த்தமாட்டார், கோப்பைத் தூக்கி எறியமாட்டார். இதெல்லாம் செய்யும் அதிகாரிகளிடம் பிழைக்கக் கற்றிருந்த எங்களுக்கு அவர் பெரிய பேஜாராகிப் போனார். மேசையில் எப்போதும் ஒரு கிண்ணம் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, இருக்கும். புலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, பருப்பை வாயில் போட்டுத் தோலைப் படத்தின் மூலைகளில் வைப்பார். கல் இருக்க வேண்டிய மூலையெல்லாம் ஒவ்வொரு தோல். பிறகு ஒரே கேள்வி.

"இந்தப் படத்துல நீங்க எங்க சார் நிக்கறீங்க?"

நேரில் ஆள் இல்லாவிட்டால் கோப்பின் ஓரத்தில் "எங்கே?" என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். என்ன தப்பு, எந்தப் பக்கம் தப்பு, ஒன்றும் இருக்காது. என்னைப் போன்ற ஒருவனிடம் நாள்தோறும் இதே கேள்வியைக் கேட்க ஓர் அதிகாரியை அனுப்பிய விதியின் நகைச்சுவை உணர்வை நான் மதிக்கிறேன்.

அவர் வந்த மறு வருடம்தான் அஞ்சலையின் மனு வந்தது.

கெடார் பக்கம் ஒரு கிராமம். அஞ்சலை களையெடுக்கவும் மல்லாட்டை பிடுங்கவும் போகிறவர். புருஷன் கட்டட வேலைக்குப் பெங்களூரில். ரோட்டோரம் தார்ப்பாய் போட்ட குடிசை. அவருடைய மாமியார் ஒரு காலத்தில் எட்டு சென்ட் நிலம் வாங்கி, கடைசிக் காலத்தில் மருமகள் பெயருக்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். அரசு வீட்டுத் திட்டத்தில் அஞ்சலைக்கு வீடு வந்துவிட்டது. கட்டுகிற இடம் இதுதான் என்று அளந்து கல் நட்டு உட்பிரிவு ஆக வேண்டும். அந்த மாதத்துக்குள் ஆகாவிட்டால் வீடு அடுத்த பெயருக்குப் போய்விடும். அஞ்சலை நம்பிக்கையாகச் செங்கல்லே இறக்கிவிட்டிருந்தார்.

செங்கல் இறங்கிய இடம்தான் தகராறு. அந்தச் சர்வே எண்ணின் நடுவில் ஒரு பெரிய கிணறு. கிணற்றுக்குக் கிழக்கே மேடு, செங்கல் இறங்கியது அங்கேதான். அதைத் தாண்டிப் பழைய வண்டிப்பாதை, இப்போது அகலமான தார் ரோடு. மேற்கே பள்ளம், அதைத் தாண்டி ஓடைக்கரையில் இன்னொரு வண்டித் தடம். சுற்றியுள்ள நிலம் முழுவதும் கோவிந்தசாமியுடையது. ஒரு காலத்தில் வார்டு உறுப்பினராக இருந்தவர் என்பதால் ஊரே அவரை மெம்பர் என்றுதான் கூப்பிடும். அவருடைய அப்பாதான் எட்டு சென்டை விற்றவர். மெம்பர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ரோடு அகலமானதும் அவருக்கும் நிலத்தின் ஞாபகம் கொஞ்சம் அகலமாகிவிட்டது.

எல்லோருக்கும் நோட்டீஸ் கொடுத்து, முருகேசனோடு போய் இறங்கினேன். அளவு என்றால் வயல் நடுவில் போய்ச் சங்கிலியை வீசிவிட முடியாது. புலப்படத்தில் இருக்கும் பழைய கல் ஒன்றையாவது கண்டுபிடித்து, அங்கிருந்து தொடங்க வேண்டும். கல்லோ காலப்போக்கில் பொது வாழ்க்கைக்குப் போய்விட்டிருக்கும். துணி துவைக்கும், ஆடு கட்டும், சில ஊர்களில் மஞ்சள் பூசிக்கொண்டு வரம்கூடக் கொடுக்கும். இங்கே ஓர் எருமை அதில் முதுகு சொறிந்துகொண்டிருந்தது. எருமை எங்கள் நோட்டீஸை ஏற்காமல் வெகுநேரம் அங்கேயே நின்றது.

அதன்பின் பத்திரத்தைப் பிரித்தேன். எட்டு சென்டுக்கு இதுவரை உட்பிரிவே ஆகாததால் படத்தில் அது இல்லை. பத்திரத்தில் எழுதியுள்ள நான்கு எல்லைதான் ஆதாரம். மாமியார் அஞ்சலைக்கு எழுதிக் கொடுத்த பத்திரம் கம்ப்யூட்டரில் அடித்தது, கட்டம் போட்டு அழகாக இருந்தது. கிழக்கில்: கிணறு. மேற்கில்: வண்டிப்பாதை. தெற்கில்: பனை வரிசை. வடக்கில்: வரப்பு.

காலை வெயில் நன்றாக இருந்தது. கிழக்கைப் பிடித்தேன். கிணறு கிழக்கில் இருக்க வேண்டுமென்றால் நிலம் கிணற்றுக்கு மேற்கே. மேற்கில் ஓடைத் தடம், சரி. வடக்கில் ஒரு வரப்பு, சரி. தெற்கில் பனை இல்லை.

"பனை எங்கங்க?" என்றேன்.

"அதெல்லாம் அப்பவே வெட்டியாச்சு சார்" என்றார் மெம்பர், கொஞ்சம் ஜல்தியாக.

நாலில் மூன்று பொருந்திவிட்டது. எங்கள் துறையில் இது முதல் வகுப்பு. பள்ளத்தில் இறங்கி முளையடிக்கச் சொன்னேன். முதல் அடியிலேயே முருகேசனின் முளை சேற்றில் பாதி போய்விட்டது.

அஞ்சலை முன்னால் வந்தார். "சார், இன்னா சார் இது? எங்க மாமியா இருந்த காலத்துல இருந்து அந்தாண்ட மேட்டுலதான் கேப்ப காய வச்சிக்கினு இருக்கோம். ஐப்பசி வந்தா இங்க இடுப்பளவு தண்ணி. இதுல வீடு கட்டிக்கினு குடியிருக்க நான் இன்னா மீனா?"

"ஏம்மா அஞ்சல, அளவர் சொன்னா சொன்னதுதான். கவர்மெண்ட்டு" என்றார் மெம்பர். அவர் வாழ்க்கையில் அரசாங்கத்தை அவ்வளவு மதித்தது அன்றாகத்தான் இருக்கும்.

"பத்திரத்துல அப்படித்தாம்மா இருக்கு" என்றேன் நான்.

"எனக்குப் படிக்கத் தெரியாது சார். படிச்சவங்க நீங்க. மேட்டப் பள்ளம்னு படிக்காதீங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்ச் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

விழுப்புரம் வந்து கோப்பை மேடத்திடம் வைத்தேன். மல்லாட்டைத் தோல்கள் வரிசையாக உட்கார்ந்தன. கிணற்றுக்கு ஒரு முழு மல்லாட்டை.

"பனை?"

"வெட்டிட்டாங்களாம் மேடம்."

"யாரு சொன்னா?"

"மெம்பரு."

அவர் அந்த முழு மல்லாட்டையை எடுத்து உரித்துச் சாப்பிட்டுவிட்டார். பிறகு, "தாய்ப் பத்திரம் பாத்தீங்களா?" என்றார். மெம்பரின் அப்பா மாமியாருக்கு எழுதிக் கொடுத்த மூலப் பத்திரம். சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு நகல் வாங்கினேன். பழைய காலத்துப் பத்திர எழுத்தரின் கை, எறும்பு ஊர்வதுபோல இருந்தது. "கிணற்றுக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு, பனை வரிசைக்குத் தெற்கு, வரப்புக்கு வடக்கு, இதன் மத்தியில் எட்டு சென்ட்."

புதிய பத்திரத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். கிணறு கிழக்கு, கிணறு கிழக்கு. டிக். பாதை மேற்கு, பாதை மேற்கு. டிக். நான்கும் டிக். "தாய்ப் பத்திரத்துடன் ஒத்துப்போகிறது" என்று எழுதி, அழுத்தமாகக் கையெழுத்தும் போட்டு அனுப்பினேன். மறுநாள் கோப்பு திரும்பி வந்தது. என் கையெழுத்துக்குக் கீழே, "எங்கே?"

அதற்குள் திண்டிவனத்தில் ஒரு பயிற்சி. புதிய அளவைக் கருவியை எங்களுக்கு அறிமுகப்படுத்துகிறார்கள். மாதம் முடியச் சில நாள்களே இருந்தன. அஞ்சலையின் கோப்பைப் பையில் வைத்துக்கொண்டே போனேன், அது தானாகத் தீர்ந்துவிடும் என்பதுபோல. மதியம் பசித்தது. கூட வந்த ஒருவர், "ரயில்வே கேட்டுக்குக் கெழக்க ஒரு மெஸ் இருக்கு சார், மீன் குழம்பு பிரமாதம்" என்றார். அன்று எனக்குத் திசை தெளிவாகத் தெரிந்தது, அதுதான் வினை. கேட்டுக்குக் கிழக்கு. கேட் கிழக்கு. ஆக, கேட்டைக் கிழக்கில் வைத்துக்கொண்டு நடந்தேன். நடந்துகொண்டே இருந்தேன். மெஸ் வரவில்லை, வீடுகள் குறைந்தன, ஆடுகள் வந்தன. ஒரு சைக்கிள் கடையில், பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"கேட்டுக்குக் கெழக்கன்னுதானே சொன்னாங்க?"

"ஆமாங்க."

"அப்ப கேட்டத் தாண்டி கெழக்க போவணும். நீ கேட்ட கெழக்க வுட்டுட்டு மேற்க வந்துக்கினு இருக்கற. இப்படியே போனா மெஸ்ஸு வராது, திருவண்ணாமலதான் வரும். கிரிவலம் போறதுன்னா போ."

திரும்பி நடந்தேன். மெஸ் இருந்தது. உண்மையைச் சொல்வதானால், மீன் குழம்பு முடிந்து மோருக்கு வந்த பிறகுதான் அஞ்சலை நினைவுக்கு வந்தார்.

கேட்டுக்குக் கிழக்கு என்றால் மெஸ் கிழக்கு. கேட் மெஸ்ஸுக்கு மேற்கு. கிணற்றுக்குக் கிழக்கு என்றால் நிலம் கிழக்கு. கிணறு நிலத்துக்கு மேற்கு. பழைய எழுத்தர் கிணற்றடியில் நின்று எழுதினார். புதிய பத்திரம் அடித்தவர் நிலத்தின் நடுவில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, "கிணற்றுக்குக் கிழக்கு" என்பதைக் "கிழக்கில்: கிணறு" என்று கட்டத்தில் போட்டுவிட்டார். ஒரு "க்கு" போய் ஒரு "இல்" வந்ததில், எட்டு சென்ட் நிலம் கிணற்றைத் தாண்டிக் குதித்துப் பள்ளத்தில் விழுந்துவிட்டது. நான் போய் அங்கே முளையும் அடித்திருந்தேன்.

கோப்பை எடுத்து, மேடம் எழுதிய "எங்கே?" என்பதற்குக் கீழே "எதிர்ப்பக்கம்" என்று எழுதினேன். அதன் மேல் கொஞ்சம் மோர் சிந்தியது, அது இன்னும் அரசு ஆவணமாக இருக்கிறது.

மறுபடி நோட்டீஸ் அனுப்பினோம். இந்த முறை மேடமும் வந்தார், மல்லாட்டைப் பொட்டலத்தோடு. நான் போய் மேட்டில் நின்றதும் மெம்பர் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், அன்னைக்கு மேற்கன்னீங்க, இன்னைக்குக் கெழக்குன்றீங்க. நாளைக்கு வந்து கிணத்துக்குள்ளன்னுவீங்களா?"

நியாயமான கேள்வி. நான் "க்கு" பற்றி விளக்கத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் எனக்கே குழம்பியது. கடிகாரக் கை இரண்டு முறை வேறு வேறு பக்கம் காட்டியது. கூட்டத்தில் ஒருவர், "அளவருக்குத் தண்ணி குடுங்கப்பா" என்றார்.

மேடம் என்னை மெதுவாக ஓரம் கட்டினார். இரண்டாவது நோட்டீஸுக்கு மெம்பர் ஆட்சேப மனு கொடுத்தபோது, தன் அந்தஸ்து தெரியட்டும் என்று சொந்த வீட்டுப் பத்திர நகலையும் இணைத்திருந்தார். அதை மேடம் கையில் எடுத்தார்.

"மெம்பர் ஐயா, உங்க வீடு எங்க இருக்கு?"

"ஏரிக்குத் தெக்க. ஊருக்கே தெரியும்."

"பத்திரத்துலயும் 'ஏரிக்குத் தெற்கு'ன்னுதான் இருக்கு. உங்க வாசல்ல நின்னா ஏரி எந்தப் பக்கம்?"

"வடக்…" என்றவர் நிறுத்திக்கொண்டார். மேடம் ஒரு மல்லாட்டை உரித்தார். மெம்பர் கிணற்றைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், கடைசியில், "அது வேற பத்திரம்மா" என்றார்.

"பத்திரம் வேற. 'க்கு' அதே 'க்கு'தான். கிணத்துக்குக் கிழக்குன்னா கிணறு கிழக்கன்னு எங்க சார் அன்னைக்குப் படிச்ச மாதிரியே படிக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா அப்ப உங்க ஏரி தெக்க வந்துடும். ஏரியால நகர முடியாது. நீங்கதான் வீட்டத் தூக்கிக்கிட்டு அந்தாண்ட கரைக்குப் போகணும்."

"போற வழியில என் பள்ளத்துல கொஞ்சம் எளப்பாறிட்டுப் போங்க மெம்பரே" என்றார் அஞ்சலை, செங்கல் மேலிருந்து எழாமலே.

கூட்டம் சிரித்தது. அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது. முருகேசன் வடக்குப் பக்கம் கை காட்டினான். "சார், வெட்டிப்புட்ட பனையில ஓல சத்தம் கேக்குது."

மேட்டுக்கு வடக்கே, ஒரே வரிசையில், பனைகள் நின்றிருந்தன. முதல் நாளும் அங்கேதான் நின்றிருக்கின்றன. நான் தெற்கிலேயே தேடிக்கொண்டிருந்ததால் என் கண்ணில் படவில்லை.

மெம்பரும் சிரித்துவிட்டார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது. "சரி, கிணத்தாண்ட ஒரு முழம் வுட்டு நடுங்க. மாடு கட்டித் தண்ணி எறைச்ச கவல ஓரம் நான் நடக்கணும்" என்றார். தாய்ப் பத்திரப்படியே அதற்கு இடம் இருந்தது. நான்கு மூலையிலும் கல் இறங்கியது. ஒன்றுகூடச் சேற்றில் போகவில்லை. அஞ்சலை ஒவ்வொரு கல்லாகப் போய்க் காலால் உதைத்துப் பார்த்தார். நான்காவது அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவர் முகம் மாறியது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு செங்கல் அடுக்கை எண்ணத் தொடங்கினார். மாதம் முடிவதற்குள் உட்பிரிவு எண் அவர் பெயரில் ஏறிவிட்டது.

இளைய அளவர்களுக்கு இதில் ஏதாவது பயன் உண்டென்றால் இதுதான். உங்கள் கருவி நீங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லும். பத்திரம் எழுதியவர் எங்கே நின்று எழுதினார் என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு மீன் குழம்பு உதவும் என்று நான் எழுத்தில் தர முடியாது.

வீடு எழும்பி, குடிபுகும் நாளில் அஞ்சலை என்னையும் அழைத்திருந்தார். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வானம் மூடியிருந்தது. வயல் நடுவே ஏதோ ஒரு கிணற்றுக்கு வந்து சேர்ந்தேன், வீட்டைக் காணோம். போன் செய்தேன்.

"கிணத்துக்கு வந்துட்டேம்மா. வீடு தெரியலயே."

"கிணத்துக்குக் கெழக்கதான சார் வீடு. நீங்கதான கல்லு நட்டீங்க. இப்ப எந்தப் பக்கம் நிக்கறீங்க?"

கடிகாரக் கையைப் பார்த்தேன். சூரியனைத் தேடினேன். "மேகமா இருக்கும்மா" என்றேன்.

"வேணாம் சார், வுடுங்க. நீங்க நட்ட கல்லு மாரி அங்கயே நில்லுங்க. அசையாதீங்க. ஆள அனுப்பறேன்."